காவிய நாயகன் நல்லவனாக இருந்தே ஆக வேண்டுமா?

கர்ணன் நல்லவனா, கெட்டவனா? கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடந்து முடிந்த காலையில், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறவர்கள் வழியெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு போவார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவன், அதனால் நல்லவன் என்பார் ஒருவர். சபை நடுவே திரௌபதியை வாய்கூசாமல் பேசியவன் எப்படி நல்லவன் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாரதத்தில் உள்ளதுதான். ஆனாலும் பேச்சு ஒரு முடிவுக்கு வருவதில்லை.

பிற நாட்டுக் காவியங்களையும் படிக்கத் தொடங்கினால் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. என்னிடம் கிரேக்கக் காவியமான இலியட்டை இரவல் வாங்கிப் போன அக்கா மகள், பாதியிலேயே அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் நாயகன் அக்கிலீஸ் மேல் அவளுக்குக் கோபம். "இவன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்ததால இவன் ஆளுங்களே கொத்துக் கொத்தா சாகுறாங்க. இவனைப் போய் ஹீரோன்னு சொல்றீங்களே மாமா?" என்றாள். நியாயமான கேள்வி. அவளுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிக்கல் 'ஹீரோ' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு அந்தச் சொல் சினிமா வழியாக வந்தது. சினிமாவில் ஹீரோ என்றால் நாம் யார் பக்கம் நிற்க வேண்டுமோ அவர். கடைசியில் ஜெயிப்பவர், தப்பு செய்தாலும் காரணத்தோடு செய்பவர். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு காவியத்துக்குள் போனால் ஒருவர்கூடத் தேற மாட்டார். காவியம் என்று இங்கே நான் சொல்வது, ஒரு சமூகம் தன் பழைய பெரிய மனிதர்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்துவைத்த நீண்ட கதைப் பாடலை. அதில் வருகிற நாயகனைப் புரிந்துகொள்ள, அவன் நல்லவனா என்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அவன் யார் கொடுத்ததைச் சாப்பிட்டான்? யார் கண்முன் நிற்கிறான்? செத்த பிறகு அவனைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

## ஒரு பரிவட்டத்திலிருந்து தொடங்குவோம்

ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை என்று ஒன்று உண்டு. சாமிக்குப் பூசை முடிந்ததும் பூசாரி இன்னார் தலையில் முதலில் பரிவட்டம் கட்ட வேண்டும் என்று ஊரில் ஒரு வரிசை இருக்கும். அந்தத் துணியைக் கடையில் வாங்கினால் பெரிய விலை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வருடம் அதை வேறொருவர் தலையில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? தேர் நிலையிலிருந்து நகராது. பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வார்கள். கோர்ட் வரைக்கும் போகும்.

துணிக்காகவா இத்தனை சண்டை? இல்லை. இந்தக் குடும்பம் இந்த ஊருக்கு இன்னது செய்தது என்பதை ஊரே கூடி ஒப்புக்கொள்ளும் இடம் அந்தத் துணி. அதை எல்லார் முன்னாலும் பறித்தால், செய்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இலியட்டுக்குள் போகலாம். கிரேக்க மொழியில் 24 பகுதிகள், 15,000-க்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட காவியம் அது. ட்ராய் நகர முற்றுகையின் பத்தாம் ஆண்டில் சில வாரங்களில் நடப்பதை மட்டும் சொல்கிறது. நாம் கேள்விப்பட்டிருக்கும் மரக்குதிரை அதில் இல்லை, அக்கிலீஸின் குதிகாலில் அம்பு பாய்வதும் இல்லை. காவியத்தின் முதல் சொல்லே 'கோபம்'தான்.

முற்றுகையிட்ட கிரேக்கப் படையில் முதல் வீரன் அக்கிலீஸ். படைக்குத் தலைமை அகமெம்னான். வென்ற ஊரில் கிடைத்ததைப் பங்கு பிரித்தபோது அக்கிலீஸுக்குப் படையே சேர்ந்து கொடுத்த பங்கு பிரிசெயிஸ் என்ற சிறைப்பட்ட பெண். அகமெம்னான் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்ததும், ஈடாக அக்கிலீஸின் பங்கை எல்லார் முன்னிலும் எடுத்துக்கொள்கிறான். அக்கிலீஸ் போரிலிருந்து விலகி உட்கார்ந்துவிடுகிறான். அது மட்டுமில்லை, நான் இல்லாமல் இவர்கள் தோற்கட்டும் என்று தாய் தெடிஸ் மூலம் கடவுளிடம் வரமும் கேட்கிறான்.

பழைய கிரேக்கர் இதை 'திமே' என்ற சொல்லால் குறித்தார்கள். ஊரார் கண்முன் ஒருவனுக்கு இருக்கும் மதிப்பு என்று பொருள். பங்கு பிரிக்கும்போது அவன் கைக்கு என்ன வருகிறது என்பதில் அந்த மதிப்பு கண்ணுக்குத் தெரியும். அகமெம்னான் பறித்தது பரிவட்டத்தை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பரிவட்டம் துணி, பிரிசெயிஸ் உயிருள்ள பெண். காவியம் முழுவதிலும் அவள் ஒரே ஒருமுறைதான் வாய் திறக்கிறாள், 19-ஆம் பகுதியில். தன் கணவனும் உடன்பிறந்த மூன்று பேரும் ஒரே நாளில் போனதைச் சொல்லி அழுகிறாள். கணவனைக் கொன்றவனே அக்கிலீஸ்தான். அந்த உலகத்தின் கணக்கை நாம் புரிந்துகொள்கிறோம் என்றால் அதை ஏற்றுக்கொள்கிறோம் என்றாகாது. அந்தக் கணக்கில் நசுங்கியவர்களின் குரலையும் பாடியவர் உள்ளே விட்டுவைத்திருக்கிறார், அதைக் காதில் வாங்காமல் வீரத்தை மட்டும் படிக்கக் கூடாது.

## செஞ்சோற்றுக் கடன்

சரி, மதிப்பு எதற்காகக் கொடுக்கப்படுகிறது? அதே காவியத்தின் 12-ஆம் பகுதியில் சர்பெடான் என்ற அரசன் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசும் ஓரிடம் வருகிறது. காவிய வீரம் எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை.

நம் ஊரில் நமக்கு ஏன் முன்வரிசையில் இடம் போடுகிறார்கள், நல்ல கறியும் நிறைந்த கிண்ணமும் ஏன் தருகிறார்கள், ஆற்றங்கரையில் தோப்பும் வயலுமாக நிலம் ஏன் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்கிறான். அதனால்தான் நாம் முதல் வரிசையில் நிற்க வேண்டும், "நம் அரசர்கள் சும்மா சாப்பிடவில்லை" என்று நம் ஆட்கள் சொல்ல வேண்டும் என்கிறான். அப்புறம் அவன் சொல்வதுதான் நெஞ்சைப் பிடிக்கிறது: சண்டையிலிருந்து தப்பினால் நமக்கு மூப்பும் சாவும் இல்லையென்றால், நானும் முன்னால் போய் நிற்க மாட்டேன், உன்னையும் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் சாவு எப்படியும் ஆயிரம் வடிவில் காத்திருக்கிறது, வா போகலாம்.

இந்தப் பேச்சில் வீராவேசம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். ஊர் கொடுத்தது இவ்வளவு, அதற்கு ஈடாக ஊர் எதிர்பார்ப்பது என் உயிர். எப்படியும் போகப்போகிற உயிரை இதற்குக் கொடுப்பதில் நட்டமில்லை. 16-ஆம் பகுதியில் அவன் செத்தும் போகிறான்.

தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்கு உயிரால் பட்ட கடன். பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டி, குளிர்நாட்டில், பழைய ஆங்கிலத்தில் எழுந்த பியோவுல்ஃப் காவியத்திலும் இதே கடன்தான் பேசப்படுகிறது. 3,182 அடிகள், ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் பிழைத்த பாட்டு. கிழவனாகிவிட்ட அரசன் பியோவுல்ஃப் நெருப்புக் கக்கும் பாம்போடு மோதும்போது கூட வந்தவர்களில் பத்துப் பேர் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் மட்டும் நிற்கிறான். அரசனின் மண்டபத்தில் உட்கார்ந்து தேன்மது குடித்தபோது நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், அவர் தந்த தலைக்கவசத்துக்கும் வாளுக்கும் என்ன பதில் என்று அவன் கேட்பதை, சர்பெடான் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: காவிய வீரன் தனியாள் கிடையாது. ஊர் அவனுக்கு மதிப்பும் பங்கும் கொடுக்கிறது, பதிலுக்கு அவன் முன்வரிசையில் நிற்கிறான். ஊர் தன் பக்கத்தை மீறினால் அக்கிலீஸ் போல் கோபம் வரும். வீரன் தன் பக்கத்தை மீறினால் அந்தப் பத்துப் பேருக்கு வந்த அவமானம் வரும்.

## உயிருக்கு ஈடாக வருவது எது?

சோறும் நிலமும் உயிரோடிருக்கும்வரைதான். செத்தவனுக்கு என்ன கிடைக்கிறது? இதற்குக் காவியங்கள் சொல்லும் பதில் புகழ்.

இன்று நாம் புகழ் என்றால் பிரபலம் என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய பொருள் அதைவிடக் கனமானது. கிரேக்கத்தில் புகழைக் குறிக்கும் 'கிளெயோஸ்' என்ற சொல் 'கேட்டல்' என்ற வேரிலிருந்து வருவது. பிறர் காதில் விழுவது எதுவோ அதுதான் புகழ். அதாவது, யாரோ பாட வேண்டும், யாரோ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அக்கிலீஸுக்கு இரண்டு வழிகள் இருப்பதாக அவன் தாய் சொல்லியிருக்கிறாள். ட்ராயிலேயே இருந்து போரிட்டால் வீடு திரும்ப முடியாது, ஆனால் அழியாப் புகழ் கிடைக்கும். ஊருக்குப் போய்விட்டால் நீண்ட ஆயுள் உண்டு, புகழ் இல்லை. அந்தக் காலக் கிரேக்கர் நம்பிய மறுவுலகம் சொர்க்கம் போன்றதில்லை, நிழல்களாக அலைகிற இருட்டு. அதனால்தான் பாட்டில் வாழ்வது அவர்களுக்கு அத்தனை பெரிய காரியமாக இருந்தது. ஒடிசி காவியத்தில் செத்துப்போன அக்கிலீஸின் நிழல் பேசுகிறது: செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழைத்தாவது உயிரோடிருப்பது மேல். புகழின் விலை என்ன என்பதை அதே கிரேக்க மரபே இப்படிச் சொல்லி வைத்திருக்கிறது.

நம் புறநானூறும் இதே நாணயத்தில்தான் பேசுகிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய 182-ஆம் பாட்டு:

"புகழெனின் உயிரும் கொடுக்குவர், பழியெனின்
உலகுடன் பெறினும் கொள்ளலர்"

புறநானூறு காவியம் அல்ல, தனிப்பாடல்களின் தொகுப்பு. ஆனால் காவியங்களுக்குள் ஓடுகிற வீரக் கணக்கை, கதையில்லாமல் உரித்துக் காட்டுவது அது. 72-ஆம் பாட்டில் தலையாலங்கானத்துப் போருக்கு முன் இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை நான் வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நிலத்தைப் பாடாமல் போகட்டும் என்கிறான். ஓர் அரசன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சாபம் இது. பாடாமல் விட்டுவிடுவதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை.

மேற்கு ஆப்பிரிக்காவில் 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை உண்டாக்கிய சுந்தியாதாவின் கதையை இன்றும் பாடிக் காப்பவர்கள் கிரியோ என்ற பரம்பரைப் பாடகர்கள். கதைக்குள்ளேயே சுந்தியாதாவோடு ஒரு கிரியோ வருகிறார். சிறுவயதில் நடக்கவே முடியாதிருந்த சுந்தியாதாவை அரசனாக்கியதில் வாளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவர் வாய்ச்சொல்லுக்கும் உண்டு. முன்னோர் செய்ததையெல்லாம் அடுக்கிச் சொல்லி, உன்னைப் பற்றி நாங்கள் என்ன பாடப்போகிறோம் என்று கேட்கிறவர் முன்னால் யார்தான் பின்வாங்க முடியும்?

இலியட்டிலும் இதற்கு நிகரான ஒரு காட்சி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம். போரிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கும் அக்கிலீஸ் யாழை மீட்டிப் பழைய வீரர்களின் புகழைத் தானே பாடிக்கொண்டிருக்கிறான். நண்பன் பேட்ரோக்ளஸ் எதிரே உட்கார்ந்து மௌனமாகக் கேட்கிறான். வாளைக் கீழே வைத்தவனுக்கும் பாட்டை விட முடியவில்லை.

## நாண்: முதுகில் பட்ட காயம்

புகழ் முன்னால் இழுக்கிறது என்றால், நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது. நாண் என்று நான் சொல்வது பிறர் பார்வையை எண்ணிக் கூசுவதை. ட்ராய் நகர இளவரசன் ஹெக்டர் இதற்குச் சரியான ஆள். அவன் மனைவி ஆண்ட்ரோமகி கைக்குழந்தையோடு வந்து போருக்குப் போகாதே என்று கெஞ்சுகிறாள். ட்ராய் அழியப்போகிறது என்பது அவனுக்கே தெரிகிறது, அவளிடம் அதைச் சொல்லவும் சொல்கிறான். ஆனால் ஊர் ஆண்கள் பெண்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்கிறான். குழந்தை அவன் தலைக்கவசத்தைப் பார்த்துப் பயந்து அழ, அவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறான்.

22-ஆம் பகுதியில் அக்கிலீஸ் நெருங்கி வருகிறான். பெற்றவர்கள் மதில் மேலிருந்து உள்ளே வந்துவிடு என்று கதறுகிறார்கள். ஹெக்டரின் யோசனை எல்லாம், தன் முடிவால் படை அழிந்ததை ஊர் சொல்லிக்காட்டுமே என்பதில்தான். அதனால் வெளியே நிற்கிறான். அப்புறம் அக்கிலீஸை நேரில் கண்டதும் பயந்து ஓடுகிறான், மதிலைச் சுற்றி மூன்று முறை. காவியம் இதை மறைக்கவில்லை. சினிமா அளவுகோலில் ஓடியவன் ஹீரோ இல்லை. ஆனால் இலியட்டின் கடைசி வரி அக்கிலீஸைப் பற்றியது அல்ல. குதிரைகளை அடக்கிய ஹெக்டருக்கு இப்படி ஈமச்சடங்கு செய்தார்கள் என்று முடிகிறது. கிரேக்கர் பாடிய பாட்டு, எதிரி நாட்டவனின் பெயரோடு முடிகிறது.

தோற்றவனைப் பெரியவனாக்கும் இதே துணிச்சல் நம்மிடம் ஒரு குயவர் குலப் பெண்ணிடம் இருந்தது. இன்றைய நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில்வெண்ணிதான் பழைய வெண்ணி என்பார்கள். அங்கே நடந்த போரில் கரிகால் சோழன் வென்றான். சேரன் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் காயம் பட்டது. அதைப் புறப்புண் என்பார்கள். மார்பில் பட்ட காயம் எதிர்த்து நின்றதற்குச் சாட்சி, முதுகில் பட்டது ஓடியதற்குச் சாட்சி. சேரன் ஓடவில்லை, மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியாக வந்ததாகவும் சொல்வதுண்டு. ஆனால் காயம் காயம்தான், பார்க்கிறவர் கண்ணுக்கு அது முதுகில் இருக்கிறது. அவன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான்.

வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பார்த்தே பாடுகிறார் (புறநானூறு 66). யானைப் படை உடைய வளவ, நீ வென்றாய், உன் ஆற்றல் தெரிந்தது. ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் "நின்னினும் நல்லன் அன்றே". உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா?

இந்த 'நல்லன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒழுக்கத்தில் நல்லவனா என்று அவர் அளக்கவில்லை. புகழுக்கும் பழிக்கும் நடுவில் நின்ற நேரத்தில் யார் பெரியவன் என்று அளக்கிறார். கூத்து பார்த்துவிட்டு நாம் கேட்கும் கேள்வியில் வரும் நல்லவனும், குயத்தியார் சொல்லும் நல்லனும் வேறு வேறு.

ஆக, கணக்கில் இப்போது மூன்று உருப்படிகள் சேர்ந்துவிட்டன: ஊர் கொடுத்த பங்குக்குப் பட்ட கடன், சாவுக்குப் பின் கிடைக்கும் புகழ், உயிரோடிருக்கும்போது உறுத்தும் நாண். இந்த மூன்றும் ஒரே திசையில் இழுத்தால் அது வெறும் போர்க்கதை. ஒன்றோடொன்று மோதும்போதுதான் காவியம் பிறக்கிறது.

## கணக்கு உடையும் இடம்

அக்கிலீஸிடம் சமாதானம் பேசத் தூது வருகிறது. அகமெம்னான் ஏழு முக்காலிகள், பத்துப் பாளம் பொன், இருபது கொப்பரை, பன்னிரண்டு குதிரை என்று அடுக்குகிறான், பிரிசெயிஸையும் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். பழைய கணக்குப்படி அக்கிலீஸ் எழுந்து வந்திருக்க வேண்டும். அவன் மறுக்கிறான். பின்னால் நின்றவனுக்கும் முன்னால் நின்று போரிட்டவனுக்கும் ஒரே பங்குதான், கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மதிப்புதான், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்துக்கூடக் கொண்டுவரலாம், போன உயிரைக் கொண்டுவர முடியாது என்கிறான். சர்பெடான் சரியென்று ஏற்ற கணக்கையே இவன் சந்தேகப்படுகிறான். அந்தப் பிடிவாதத்தால் பேட்ரோக்ளஸ் ஹெக்டர் கையில் சாகிறான். அதற்குப் பழிவாங்க ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். கடைசியில் ஹெக்டரின் கிழட்டுத் தகப்பன் பிரியாம் இரவில் தனியே வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற கையை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். பங்கும் மதிப்பும் அந்தக் கூடாரத்துக்குள் யார் நினைவிலும் இல்லை. அக்கா மகளிடம் இந்த இடம்வரை படித்துவிட்டுப் பிறகு கோபப்படு என்றேன்.

பாரசீகத்தில் பிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா இதைவிடக் கொடியது. ருஸ்தம் ஈரானின் முதல் வீரன். படையெடுத்து வரும் சோராப் என்ற இளைஞன் தன் மகன் என்று அவனுக்குத் தெரியாது. அரசன் கை காவூஸ், தாமதமாக வந்தாய் என்று ருஸ்தமை எல்லார் முன்னிலும் அவமதிக்கிறான். அக்கிலீஸைப் போலவே ருஸ்தமும் கோபித்துக் கிளம்பிவிடுகிறான். பெரியவர்கள் பின்னால் போய் அவனைத் திருப்பிக் கூட்டிவருகிறார்கள். எப்படி? அந்த இளைஞனுக்குப் பயந்துதான் ருஸ்தம் போய்விட்டான் என்று ஊர் பேசும் என்று சொல்லி. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நாண் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திய இடம், தன் மகனுக்கு எதிரே.

நீ ருஸ்தமா என்று சோராப் கேட்கிறான். இல்லை என்கிறான் ருஸ்தம். விழுந்து சாகும் நேரத்தில், என் தகப்பன் ருஸ்தம் உன்னை விடமாட்டான் என்று சொல்லி சோராப் தன் கையில் கட்டியிருக்கும் அடையாளத்தைக் காட்டுகிறான். உயிர் காக்கும் மருந்து அரசனிடம் இருக்கிறது. தகப்பனும் மகனும் சேர்ந்துவிட்டால் என் அரியணை என்னாகும் என்று அவன் தர மறுக்கிறான். யாருக்காக ருஸ்தம் காலமெல்லாம் முன்வரிசையில் நின்றானோ அவன்.

இப்போது கர்ணனிடம் வரலாம். போருக்கு முன் கிருஷ்ணன் அவனைத் தனியே அழைத்து, நீ குந்தியின் மூத்த மகன், அரசு உனக்குத்தான், வா என்கிறான். கர்ணன் மறுக்கிறான். துரியோதனன் பக்கம் தோற்கும் என்று தெரிந்தே மறுக்கிறான். சூத புத்திரன் என்று ஊர் ஒதுக்கியபோது அங்க நாட்டைக் கொடுத்து மதிப்புக் கொடுத்தவன் துரியோதனன். அந்தக் கடனுக்கும் பிறப்புக்கும் நடுவில் அவன் நிற்கிறான். வியாச பாரதத்தில் அதே உரையாடலில் கர்ணன் இன்னொன்றும் சொல்கிறான்: துரியோதனனை மகிழ்விக்கத்தான் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னேன், அதை எண்ணி இப்போது வேகிறேன். அவன் செய்த பெரிய தியாகமும், பேசிய கேவலமான பேச்சும் ஒரே கடனிலிருந்து வந்தவை. அதனால்தான் நல்லவனா கெட்டவனா என்ற பேச்சு விடிந்தும் முடிவதில்லை.

## எல்லாம் ஒரே கதைதானா?

எல்லா நாட்டு நாயகனும் ஒரே பயணத்தைத்தான் போகிறான், வீட்டை விட்டுக் கிளம்பி, சோதனை கடந்து, வென்று திரும்புகிறான் என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. ஜோசப் கேம்பல் 1949-இல் எழுதியதிலிருந்து கிளைத்தது அது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு உதவலாம். காவியம் படிப்பதற்கு அது போதாது என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்தச் சட்டத்துக்குள் வைத்தால் வேறுபாடுகள்தான் முதலில் உதிர்ந்துபோகின்றன.

கில்கமேஷை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த உருக் நகரத்தின் அரசன், களிமண் பலகைகளில் எழுதப்பட்ட கதை. முப்பங்கில் இரண்டு பங்கு தெய்வம், ஆனால் குடிகளை வதைக்கிறவன். அவனை அடக்கத் தெய்வங்கள் என்கிடுவைப் படைக்கின்றன, இருவரும் நண்பர்களாகிப் புகழ் தேடிக் காட்டுக்குப் போய் அரக்கனைக் கொல்கிறார்கள். அதுவரை நமக்குப் பழகிய கணக்குதான். அப்புறம் என்கிடு நோயில் விழுந்து சாகிறான், போரில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே. நண்பனின் மூக்கிலிருந்து புழு விழும்வரை கில்கமேஷ் உடலைப் புதைக்க விடவில்லை.

அதற்குப் பின் புகழ் அவனுக்குப் போதவில்லை, சாகாமலே இருக்க வழி தேடி உலகின் எல்லைவரை போகிறான். ஆறு பகல் ஏழு இரவு தூங்காமல் இருந்து காட்டு என்கிறார்கள், உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறான். இளமை தரும் செடி கிடைக்கிறது, குளிக்கப் போன நேரத்தில் பாம்பு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பி, கூட வந்த படகோட்டியிடம் உருக்கின் மதிலைக் காட்டி, செங்கல்லைப் பார், அடித்தளத்தைப் பார் என்கிறான். அக்கிலீஸ் உயிரைக் கொடுத்துப் புகழை வாங்கினான். இவன் சாவுக்கு முன்னால் தோற்று, தான் கட்டியதைக் காட்டி நிற்கிறான். இரண்டையும் ஒரே கதை என்று சொன்னால் இரண்டுமே கையை விட்டுப் போகும்.

## கல்லும் பாட்டும்

கிரேக்கத்தில் 'ஹீரோஸ்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. செத்த பின் கல்லறையில் வழிபாடு பெறுகிறவன் என்பது அது. ஊரார் அங்கே பலி கொடுத்தார்கள், காவல் கேட்டார்கள். இதை நாம் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். நம் ஊர்களில் நடுகல் இருக்கிறது. போரிலோ, ஊர் மாட்டை மீட்கும் சண்டையிலோ செத்தவனுக்கு நாட்டும் கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்களில் தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. அதில் ஒன்று 'ஆகோள்', அதாவது மாடு கவரும் பூசலில் செத்தவனின் கல். அந்த மனிதனுக்குக் காவியம் இல்லை, பெயரும் ஊரும் செத்த காரணமும் கொண்ட ஒற்றை வரி இருக்கிறது.

கல் நாட்டுவதற்கு ஒரு முறை உண்டு என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தகுந்த கல்லைத் தேர்வது காட்சி, வேலையைத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையல் வைக்கும் பெரும்படை, வாழ்த்து.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைத் திறந்து காதைகளின் பெயரைப் பாருங்கள். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொண்டுவருகிறான். கல் யாருக்கு? எந்த அரசனின் சோற்றுக்கும் கடன்படாத, எந்தப் படையிலும் நிற்காத ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு. ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் தனியே நடந்துபோய், உன் தீர்ப்பு தவறு என்று சொன்ன கண்ணகிக்கு, ஆகோள் பூசலில் செத்த மறவனுக்கு வகுத்த அதே வரிசையில் கல் நாட்டுகிறார்கள்.